எல்லாரையும் வெளியே உட்கார வைக்கிறவள்

கடைசியாக வந்ததன் மேல் பழி போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வந்தது மனுஷராக இருந்தாலும் சரி, கம்ப்யூட்டருக்குள் போட்ட சாமானாக இருந்தாலும் சரி.

"நேத்து வந்தது பாவம் அத்த, அதுக்கு இன்னும் வீடே தெரியாது. ரொம்ப நாளா உள்ளார உக்காந்திருக்கிறதெல்லாம் என்னா பண்ணுதுன்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்பாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. லுக்குட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், எனக்கு அடுத்த கதவு அவளுடையது. காது கேட்காத அம்மாவும் அவளும்தான். சிரம்பான் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. வரிசையாக வருகிற குட்டிக் குட்டிச் சாமானை எடுத்து, ஓடுகிறதா ஓடவில்லையா என்று சோதித்துப் பார்க்கிற வேலை. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். நான் கல்யாணப் பேச்சை எடுத்தால், "ஒரு நேரத்துல ஒன்னுதான் மாத்தணும் அத்த. இப்ப ஷிஃப்ட் மாறியிருக்கு, அது பழகட்டும்" என்று எழுந்து போய்விடுவாள். ஷிஃப்ட் மாதா மாதம் மாறிக்கொண்டே இருந்தது.

சிரம்பானில் ஒரு சீனக் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்து முன்னறையில் வைத்திருந்தாள். அதன் மேல் பூப்போட்ட துணி. எங்கள் தோட்டத்துக்கே அது ஒன்றுதான். அதில் பந்து விளையாடுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. அந்த விளையாட்டை வாங்கியபடியே யாரும் வைத்திருக்கவில்லை. அதற்குள் ஆளாளுக்கு மோட் போட்டார்கள்.

மோட் என்றால் என்னவென்று எனக்கு அவள்தான் விளங்க வைத்தாள். தோட்டத்தில் கொடுக்கிற லயத்து வீடெல்லாம் ஒரே அச்சு. ஆனால் கொடுத்தபடியே யாராவது குடியிருக்கிறோமா? ஒருத்தர் பின்பக்கம் தகரம் இழுத்து அடுப்படியைப் பெரிதாக்குவார். ஒருத்தர் வாசலில் கோழிக்கூண்டு கட்டுவார். நான்கூட குளிக்கிற இடத்துக்கு ஒரு ஒத்தாப்பு இறக்கினேன். அதைப் போட்டது என் தம்பி. கோணலாகப் போட்டுவிட்டான், அது வேறு கதை.

"கடையில வாங்குற விளையாட்டு தோட்டத்துல குடுத்த வீடு மாரி அத்த. மோட்னா நாம இழுத்துக்கிற தகரம். இழுக்கலாம், தப்பில்ல. ஒங்க தகரத்துத் தண்ணி அடுத்த வீட்டு அடுப்புல ஊத்தக்கூடாது. அதப் பாக்குறதுதான் என் வேல."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் விளங்காது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் பையன்கள் எல்லாம் அங்கேதான். நானும் சோறு ஆக்கி இறக்கிவிட்டுப் போவேன். ஜன்னலுக்குப் பாதிவரை ஒரு பழைய கைலியைக் கட்டியிருப்பாள். மழைக்காலம் என்றால் தகரத்தில் மழை. ரப்பர் இலை கொட்டுகிற காலம் என்றால் சருகு தகரத்தில் உரசி உரசி நகரும். அந்த அரை வெளிச்சத்தில் கம்ப்யூட்டர் மட்டும் பச்சைப் பசேல் என்று ஒரு திடலாக விரிந்து கிடக்கும். எனக்கு எழுத்து தெரியாது. அதில் ஓடுகிற எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு. ஆனால் அந்தத் திடலைப் பார்த்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்திருந்தால், விழித்துக்கொண்டே தூங்குகிற மாதிரி ஒரு சுகம். எங்கள் தோட்டத்து ஜெர்சி, எங்கள் பையன்கள் முகம், கோல் கம்பத்துக்குப் பின்னால் விளம்பரப் பலகை இருக்கிற இடத்தில் எங்கள் திடலில் எப்போதும் நிற்கிற அந்தச் செவலை மாடு. மாட்டை வரைந்தது அவள். வால் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒரு ஞாயிறு, செம்பனைக் குலை லோரி ஓட்டுகிற சேகர் ஒரு டிஸ்க்கில் புது ஜெர்சி கொண்டு வந்தான். போட்டுத் திறந்தால் பதினோரு பேரும் தலையில்லாமல் ஓடுகிறார்கள்! நான் முக்காலியோடு பின்னால் சாய்ந்து, "ஐயோ ஆத்தா, மாரியம்மா!" என்று கத்திவிட்டேன். தலையில்லாத ஒருவன் தலையால் பந்தை முட்டுகிறான். பந்தும் போகிறது.

"சேகர் கொண்டாந்தது ரோசாக்லா, தூக்கிப் போடுக்கா!" என்று பையன்கள் கத்தினார்கள். எங்கள் பக்கம் எது கெட்டுப்போனாலும் ரோசாக்தான்.

அவள் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. "தல எங்கயும் போவல அத்த. ஒக்காருங்க" என்றாள். பிறகு தன் வழக்கமான வேலையை ஆரம்பித்தாள். அதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைப்பாள். பிறகு, "எல்லாரையும் வெளிய உக்கார வைப்போம்" என்று சொல்லி, போட்ட மோட் அத்தனையையும் வெளியே எடுத்துவிடுவாள். வெறும் விளையாட்டு ஓடுகிறதா? ஓடுகிறது. பாதியை உள்ளே விடுவாள். ஓடுகிறதா? மீதியில் பாதி. இப்படியே கிட்டே நெருங்கிப் போவாள், கோழி பிடிக்கிற மாதிரி. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுவாள். ஓடினால் ஒரு சரி; நின்றால் ஒரு வட்டம்.

அன்றைக்குச் சேகரின் ஜெர்சியில் ஒரு குற்றமும் இல்லை. முகம் போட்ட பிறகு உடம்பைப் போட்டதால் உடம்பு முகத்தை மூடிவிட்டது. முதலில் உடம்பு, அப்புறம் தலை என்று வரிசையை மாற்றினாள். எல்லாருக்கும் தலை வந்தது. சேகர் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

என் வீட்டு மின்சாரத்தையும் அவள் இப்படித்தான் பார்த்தாள். நான் புதிதாக ஒரு காற்றாடி வாங்கியதிலிருந்து வீட்டில் அடிக்கடி கரண்டு போனது. காற்றாடி சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். அவள் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகினாள். கடைசியில் பார்த்தால், என் வீட்டுக்காரரின் ரேடியோ வயரை எலி கடித்திருந்தது. அந்த ரேடியோ எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்?

என் வீட்டுக்காரர் என்றதும் அவர் குரல் ஞாபகம் வருகிறது. அவர் தோட்டத்து மண்டோர், ஆட்களை மேய்க்கிற வேலை. காலைப் பெரட்டில் நின்று பேர் கூப்பிட்டால் மலைக்காட்டில் இருக்கிற குரங்கும் ஆஜர் சொல்லும் என்பார்கள். சின்ன வயதில் தோட்டத்துக் கோல்கீப்பர் வேறு. விளையாட்டில் கோல் விழும்போது யாரோ ஒரு வெள்ளைக்காரன் கத்துவது பையன்களுக்குப் பிடிக்கவில்லை. "மாமா கத்தட்டும்கா" என்றார்கள். அவளும் ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு மைக்கை வாய்க்கு நேரே பிடித்து, அவர் கத்தியதை எடுத்து உள்ளே போட்டுவிட்டாள். அதன் பிறகு எவன் கோல் போட்டாலும், "கோ...ல்! போடு சாமீ!" என்று அவர் குரல். அவருக்கு அதில் ஒரே பெருமை. தன் குரலைக் கேட்டுவிட்டுத் தானே கை தட்டுவார்.

அவருக்கு இனிப்புநீர். காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. நான் சீனி டப்பாவைப் பூட்டி வைத்தேன். தே ஓ கோசோங்தான், சொட்டுச் சீனி கிடையாது. அந்தக் கறுப்புத் தேத்தண்ணியைக் குடிக்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனாலும் நான் மசியவில்லை. என் காவல் எப்படி என்று லயமே பேசும்.

அந்தத் தீபாவளிக்கு ரஹாங்கிலிருந்து என் நாத்தனார் அதிரசம் கொண்டு வந்தாள். அண்ணன் கேட்டார் என்று ரெண்டு கொடுத்துவிட்டாள். பத்து நாளில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பி வரவில்லை.

துக்கத்துக்கு வந்தவளை நான் வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன்: "ஒன் அதிரசம்தான்டி எமன்." அத்தனை ஜனமும் கேட்டது. அவள் திரும்பி நடந்தாள். கருமாதிக்கு வந்தவள் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கும் அப்போது மனசு இளகவில்லை.

அடுத்த வீட்டுக்காரி அன்றைக்கு வாசலில்தான் இருந்தாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் கை அப்படியே நின்றது. எனக்குப் பரிந்து பேசவில்லை, நாத்தனாருக்கும் பரிந்து பேசவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்துப் பையன்கள் மறுபடியும் விளையாட ஆரம்பித்தார்கள். முதல் ஞாயிறு, சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருக்கிறேன். "கோ...ல்! போடு சாமீ!" என்று கேட்கிறது. எழுந்து ஓடினேன். பையன்களெல்லாம் பயந்து போய் நிற்கிறார்கள். "மன்னிச்சுக்குங்க அத்த, எடுத்துர்றோம்" என்கிறான் சேகர்.

"எடுத்தீன்னா கைய ஒடிப்பேன். இன்னொன்னு போடுடா" என்றேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோல் கேட்கிற நாள். அவரிடம் வேறு என்ன இருந்தது எனக்கு? போட்டோவில் வாய் மூடியிருக்கிறார். கோல் விழாத நாளில் சேகர் கோல்கீப்பரை ஓரமாக நகர்த்திவிட்டு, "அத்தைக்கு ஒன்னு விடுங்கடா" என்பான். கோல் விழும், அவர் கத்துவார், திரையில் பையன்கள் கட்டிப் பிடித்துக் குதிப்பார்கள், விசில் ஊதினதும் எல்லாம் அடங்கி ஆட்டம் தொடரும். அந்த மூன்று விநாடிக்கு நான் ஒரு வாரம் காத்திருப்பேன்.

அப்புறம் சேகர், கூட்டம் ஆரவாரம் போடுகிற ஒரு பெரிய மோட் வாங்கி வந்தான். போட்ட அன்றே, கோல் விழுந்ததும் திரை உறைந்துவிட்டது. பந்து வலையில், ஆட்கள் கையைத் தூக்கியபடி, மாடு நின்றபடி. அவர் குரல் மட்டும் வரவில்லை. மறுபடி போட்டாலும் அப்படியே.

"சேகர் மோட்டத் தூக்கு" என்றான் ஒருத்தன்.

"என்னுது நல்லாத்தானே ஓடுச்சு? மாமா கொரல் வர்ற எடத்துலதான் நிக்குது. அதான் ரோசாக் போல" என்றான் சேகர். சொன்ன பிறகுதான் நான் இருப்பதைப் பார்த்தான். "சும்மா சொன்னேன் அத்த" என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்னாடி, அவரு போயிருவாரா?" என்று அவளைக் கேட்டேன்.

"யாரையும் தூக்க வேணாம். எல்லாரையும் வெளிய உக்கார வைப்போம்" என்றாள்.

சாயங்காலம்வரை சோதித்தாள். என் வீட்டுக்காரர் குரல் தனியாக இருந்தால் ஓடியது. கூட்டம் தனியாக இருந்தாலும் ஓடியது. இரண்டையும் சேர்த்தால்தான் நின்றது. "ரெண்டும் நல்லதுதான் அத்த. சேந்தா தாங்கல" என்றாள். பிறகு நோட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "மத்த சத்தமெல்லாம் ஒரு கைப்பிடி. மாமா சத்தம் மட்டும் ஒரு மூட்ட கனம். மூனு செகண்டு கத்துனதுக்கு ஏன் இவ்ளோ கனம்? பாத்துட்டுச் சொல்றேன்."

பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னவள் இரண்டு வாரம் என் கண்ணிலேயே படவில்லை. ஒரு நாளில் முடிக்கிறவள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு ஞாயிறும் கம்ப்யூட்டர் மேல் பூத்துணி கிடந்தது. அவர் குரல் அழிந்துவிட்டது, எனக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம். நான் பால்வெட்டு முடிந்து வந்து குளித்துவிட்டுத் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன். சுவரைத் தட்டினாள். "அத்த, வாங்க. தனியா வாங்க."

போனேன். முக்காலியைத் துடைத்துப் போட்டாள். "அன்னிக்கு மாமா கத்துனப்புறம் நான் மைக்க நிறுத்த மறந்துட்டேன். விளையாட்டுல விசில் ஊதுனா சத்தம் நின்னுருது, அதனால மிச்சம் யாருக்கும் கேக்கல. நாலு நிமிசம் இருக்கு. அதான் கனம். முன்னாடி மூனு செகண்ட வச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிட்டா விளையாட்டு ஓடிரும். வெட்டுறதுக்கு ஒரு நொடி போதும். ரெண்டு வாரமா கைய வச்சிட்டு வச்சிட்டு எடுக்குறேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குத் தெரியாம வெட்ட எனக்கு முடியல."

ஒரு பொத்தானை அமுக்கினாள்.

"கோ...ல்! போடு சாமீ!" பிறகு இருமல். தண்ணீர் குடிக்கிற மடக் மடக். அவர் தொண்டை, அவர் மடக். நாற்காலி கிரீச்சென்றது. பிறகு, அடங்கின குரலில்:

"போதுமா? அவ வரல இல்ல? எங்க அந்த ஒண்டே ஒண்டே, எடு."

அவள் குரல்: "ஒன்னுதான் மாமா. போன வாரமே மூனு தின்னுட்டீங்க. அத்தைக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்ருவாங்க."

ஒண்டே ஒண்டே, பாசாரில் விற்கிற பச்சை உருண்டை. கடித்தால் உள்ளேயிருந்து குலா மலாக்கா பாகு பீய்ச்சும். அவர் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. "ம்ம்ம்" என்று ஒரு முனகல், சின்னப் பிள்ளை மாதிரி.

"அவளா? அவ கெட்டிக்காரி. சீனிய மட்டும் பூட்டுவா. வாரத்துக்கு ஒரு வெல்லக்கட்டிய அரிசி வாளிக்குள்ள பொதச்சு வைப்பா. நான் திருடித் தின்னுக்கணும். அவளுக்குத் தெரியாதுன்னு நானும், எனக்குத் தெரியாதுன்னு அவளும். நீ சொல்லிறாத."

"சொல்ல மாட்டேன் மாமா."

"இன்னொன்னு குடு."

ஆமாம். வைத்தது நான்தான். அந்தக் கறுப்புத் தேத்தண்ணி முகத்தைப் பார்க்க முடியாமல் வைத்தேன். ஒரு கட்டிதானே என்று வைத்தேன். லயத்தில் யாருக்கும் தெரியாது, சாமிக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கருமாதியன்னிக்கே ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். நானும் உள்ள இருக்கேன் அத்த. என்னைய மட்டும் வெளிய எடுத்துட்டு ஒங்களுக்குப் போட்டுக் காட்ட மனசு வரல. திட்டுங்க."

திட்டுவதா? எனக்கு அழுகை வந்தது, அதற்கு நடுவே சிரிப்பும் வந்தது. "மூனா தின்னாரு? ஒரே வாரத்துல மூனா?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டேன். "அரிசி வாளிக்குள்ள கையவிட்டா அளக்குறேன்னு சொல்லுவாருடி, திருட்டு மண்டோரு!"

அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"திருப்பிப் போடு" என்றேன். போட்டாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஜன்னல் கைலியில் வெயில் கீழே இறங்கி வந்து என் கால் விரலில் நின்றது.

கடைசியில் அவள் மெதுவாகக் கேட்டாள். "விளையாட்டுக்கு வெட்டட்டுமா அத்த?"

"நகல் எடுத்துட்டு வெட்டு" என்றேன்.

அந்த நாலு நிமிடத்தை ஒரு கேசட்டில் பிடித்துக் கையில் கொடுத்தாள். அதைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் முழுக்க வீட்டையே சுற்றி வந்தேன். யாரை முதலில் வெளியே தூக்கிப் போட்டேன் என்று நெஞ்சு குத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை ரஹாங்குக்குப் போக முடிவு செய்து, "நீயும் வாயேன்டி, எனக்குத் தெம்பா இருக்கும்" என்று அவளைக் கூப்பிட்டேன்.

"வேணாம் அத்த. நீங்க ரெண்டு பேரும் மட்டும் தனியா இருந்தாத்தான், சேந்து ஓடுமான்னு தெரியும்."

நாத்தனார் கதவைத் திறந்தாள். ஒதுங்கி வழி விட்டாள். ஆள் இளைத்துப் போயிருந்தாள். நான் பேச எதுவும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவள் வீட்டு ரேடியோவில் கேசட்டைப் போட்டேன். அண்ணன் கத்தியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஒண்டே ஒண்டேயில் புடவைத் தலைப்பை வாயில் வைத்தாள். வெல்லக்கட்டி வந்தபோது திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். டேப் ஓடி முடிந்து டக்கென்று நின்றது. வெளியே ரோட்டில் ஒரு மோட்டார் போகிற சத்தம்.

"திருப்பிப் போடுங்க அண்ணி" என்றாள்.

சாயங்காலம் லுக்குட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால், அவள் நிற்கிறாள். ஷிஃப்ட் சட்டைகூட மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நான் கிட்டே போகும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரையைப் பார்க்கிற மாதிரி.

"நின்னுச்சா அத்த, ஓடுச்சா?"

"ஓடுதுடி" என்றேன்.

கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். பஸ் ஸ்டாப் கம்பத்தில் வைத்து என்னவோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு எல்லா எழுத்தும் எறும்பு. ஆனால் எழுதி முடித்துப் பக்கத்தில் ஒரு குறி போட்டாள். அந்த ஒன்றை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும். வட்டம் இல்லை. சரி.